இராமேசுவரத் தீவில் யாம் கண்டவை

இராமேசுவர யாத்திரை செய்து மீண்டவர் ஒருவரேனும் இல்லாத தெரு நம் வேலூர்ப் பக்கத்தில் இராது. அவர்கள் கொணர்ந்த சங்கும், செம்பில் அடைத்த தீர்த்தமும், சோழி கோத்த மாலையும் வீட்டு மாடங்களில் தூசு படிந்து கிடப்பதை நாம் யாவரும் கண்டிருக்கிறோம். ஆயினும் நாற்புறமும் கடல் சூழ்ந்த ஓர் ஊரில் மூன்று பகலும் இரண்டு இரவும் தங்குதல், பாலாற்றை ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே காணும் பாகாயத்து மாணாக்கர்க்கு எளிதில் வாய்ப்பதன்று. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அவ்வாய்ப்பு எமக்குக் கிடைத்தது. மாணாக்கர் முப்பத்திருவரும் ஆசிரியர் இருவருமாக ஒரு மாலைப்பொழுதில் பஸ் ஏறித் திருவண்ணாமலை, திருச்சிராப்பள்ளி வழியாகத் தெற்கு நோக்கிச் சென்றோம்.

பஸ்ஸை அமர்த்தித் தந்தவர் எமக்கு அச்சிட்ட தாளொன்று கொடுத்திருந்தார். காணத்தக்க இடங்கள் பதினாறு அதிற் குறிக்கப்பட்டிருந்தன. இன்ன இடத்திற்கு இத்தனை நிமிஷம் என்றும் வரையறுக்கப்பட்டிருந்தது. புறப்படுமுன் எம்முள் ஒரு மாணவி, பதினேழாவதாக ஓர் இடத்தையும் சேர்த்தல் வேண்டுமென்று பணிவுடன் கேட்டாள். அவள் ஆம்பூரைச் சேர்ந்தவள். தந்தை ஆங்குள்ள ஷூ கம்பெனியொன்றில் தோல் வெட்டுபவர். தன் அப்பாயி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தினின்று 1976இல் கப்பலில் வந்திறங்கியது இராமேசுவரத்துறையில் என்றும், அவ்விடத்தைப் பார்த்து வரும்படி அவர் சொல்லியனுப்பினார் என்றும் அவள் கூறினாள். எந்த இடம் என்று ஆசிரியர் வினவினார். அவளுக்குத் தெரியவில்லை. தாளிலும் அப்படியோர் இடம் இல்லை. "போய்ப் பார்த்துக்கொள்வோம், அம்மா" என்றார் ஆசிரியர்.

மண்டபத்தைக் கடந்து, 1988இல் திறக்கப்பெற்ற மோட்டார்ப் பாலத்தின்மேல் யாம் ஏறியபோது பொழுது புலர்ந்தது. பாலத்தின் நடுவே வண்டிகளை நிறுத்தலாகாது என்பது விதி. நிறுத்தாத வண்டி இல்லை என்பது வழக்கம். அருகே கடலினின்று எழுந்து நிற்கும் இரயில்வேப் பாலங்கள் இரண்டினையும் கண்டோம். பழையது 1914ஆம் ஆண்டு பிப்ரவரி 24இல் திறக்கப்பெற்றது. நீளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மிகும். கப்பல் வருங்கால் அதன் நடுக்கண் இரண்டு பாதியாகப் பிரிந்து மேலெழும். அதனை எழுப்புவது யந்திரமன்று. ஆட்கள் நெம்புகோலைப் பிடித்துச் சுற்றிச் சுற்றியே அத்துணைப் பாரத்தையும் தூக்கினர். 1964ஆம் ஆண்டுப் புயலில் பாலத்தின் 145 கண்களுள் 126 கண்களின் உத்திரங்கள் கடலில் வீழ்ந்தன. எழுந்து தாழும் அந்நடுக்கண் மட்டும் அசையாது நின்றது. பொறியாளர் சிறீதரன் தலைமையில் நாற்பத்தாறு நாளில் பாலம் மீண்டும் செப்பனிடப்பட்டது. அது 2022ஆம் ஆண்டு இறுதியில் ஓய்வு பெற்றது. 2025 ஏப்ரல் 6இல் புதுப் பாலம் திறக்கப்பெற்றது. இதன் நடுக்கண் எழுபத்திரண்டரை மீட்டர் நீளமுடையது. பிளவாமல் முழுமையாகவே மின்விசையால் மேலே ஏறுகின்றது. எம்முள் பெரும்பாலார் புதியதனைப் படம் எடுத்தனர். பழையதனைப் பார்த்து நின்றவர் சிலரே. துருப்பிடித்த இரும்பேயாயினும், நூற்றெட்டு ஆண்டு உப்புக்காற்றில் நின்று உழைத்த ஒன்றனுக்கு அச்சிறு மரியாதை தகும் என்பதே எம் கருத்து.

முதல் நாள் முழுதும் கோயிலுக்கே ஆயிற்று. எம் கூட்டத்தில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் முகம்மதியரும் இருந்தோம். ஆதலின் மூலஸ்தானம் வரை சென்று வழிபட்டவர் சிலர். வெளிப் பிராகாரத்தோடு நின்றவர் சிலர். வெளியே நின்றோர் எதனையும் இழந்திலர் என்று சொல்லத் துணிவோம். மூன்றாம் பிராகாரமே தன்னளவில் ஓர் ஊர். பதினெட்டாம் நூற்றாண்டில் முத்துராமலிங்க சேதுபதி கட்டி முடித்த அதில் தூண்கள் 1212 என்பர். ஒரு கோடியில் நின்று நோக்கின் இரு மருங்கும் தூண்கள் சிறுத்துச் சிறுத்து, மறுகோடி ஒரு சிறு ஒளிப்பொட்டாகத் தோன்றும். அங்கே நடந்து வரும் மனிதர் விரலளவினர். நெருங்க நெருங்க ஆள் ஆகின்றனர். தீவோ மணலும் பவளப்பாறையுமாயது. மறவர் சீமையை ஆண்ட சேதுபதிகள், பாலம் இல்லாத காலத்தே, இத்துணைக் கல்லையும் கடலைத் தாண்டிக் கொணர்வித்தனர் என்பதை நினைக்கையில் எம் கணித மாணாக்கர்கூட எண்ணுதலை நிறுத்திவிட்டனர்.

கோயிலினுள் தீர்த்தங்கள் இருபத்திரண்டு. பெரும்பாலானவை கிணறுகள். ஒவ்வொரு கிணற்றின் விளிம்பிலும் ஓர் ஆள் ஏறி நின்று, கயிறு கட்டிய வாளியை வீசி நீரெடுத்து, வரிசையில் வருவார் தலையில் ஊற்றிக்கொண்டே இருக்கிறார். அக்கைகளின் விரைவை யாம் நெடுநேரம் பார்த்து நின்றோம். வாளி விழும் ஓசை, எழும் ஓசை, தலையில் வீழும் ஓசை; அடுத்தவர். காலை முதல் நண்பகல் வரை இவ்வாறு நின்றால் தோள் என்னாகும் என்று ஒரு மாணவன் அவருள் ஒருவரை வினவினான். "ராத்திரி தைலம் தேச்சுக்குவோம் தம்பி. வேற என்ன?" என்றார் அவர், கயிற்றை நிறுத்தாமலே. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்க, நீர் உப்பாயிராமையும் கிணற்றுக்குக் கிணறு சுவை வேறுபடுவதும் காண்பார்க்கு வியப்பே. மணலில் இறங்கும் மழைநீர், தன்னினும் பாரமான உப்புநீரின்மேல் மெல்லிய படலமாகத் தங்குகிறது என்று எம் ஆசிரியர் விளக்கினார். அளவோடு இறைத்தால் அது நன்னீர். அளவு கடந்தால் கடல் உள்ளே வரும். தீவின் வாழ்வு முழுவதும் அம்மெல்லிய படலத்தின்மேலேயே நிற்கின்றது.

தாளிற் கண்ட சிறு இடங்கள் பலவற்றை இரண்டாம் நாட் காலையில் விரைந்து முடித்தோம். கந்தமாதன பர்வதம் என்று பெயர் பெரிதாயினும் அது ஒரு மணல்மேடே. எனினும் தீவில் அதனினும் உயர்ந்த இடம் இல்லாமையால் அங்கிருந்து தென்னையும் கடலும் ஒருங்கே தோன்றும். தங்கச்சிமடத்தில் வில்லூண்டித் தீர்த்தம் கடலினுள்ளேயே நன்னீர் தருவது. குடித்துப் பார்த்தோம், நன்னீரே. சுவாமி விவேகானந்தர் கொழும்பினின்று மீண்டு 1897 ஜனவரி 26இல் பாம்பனில் வந்து இறங்கியதை நினைவுகூரும் மண்டபம் குந்துகாலில் உள்ளது. அங்கிருந்து நோக்கினால் குருசடைத் தீவு தோன்றும். நம் மாகாணத்து விலங்கியல் மாணாக்கர் எத்தனையோ தலைமுறையினர் பலனோகிளாசஸ் என்னும் புழுவைத் தேடி அதன் சேற்றில் முழங்கால் புதைய நடந்தவர். பழைய மாணாக்கருள் இதனைப் படித்துச் சிரிப்பார் சிலர் இருப்பர்.

மசூதித் தெருவில் அப்துல் கலாம் வளர்ந்த வீட்டில் கூட்டம் நெருக்கியது. மாடியில் அவர் பெற்ற விருதுகளையும் படங்களையும் வைத்திருக்கின்றனர். எம்மைக் கவர்ந்த செய்தியோ வேறு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இராமேசுவரத்தில் இரயில் நிற்காது ஓடியது. செய்தித்தாட்களைக் கட்டாகக் கட்டி ஓடும் வண்டியினின்று எறிவர். அக்கட்டுகளைப் பிடித்துத் தந்து தம் முதற் கூலியைப் பெற்றவர் அச்சிறுவர். பின்பு இராமநாதபுரத்தில் ஸ்வார்ட்ஸ் ஐயரின் பெயர் தாங்கிய மிஷன் பள்ளியில் படித்தார். தீவினின்று வெளியேறுதற்கு அவருக்குக் கிடைத்த முதற் கதவு அது என்பதை, மிஷன் கல்லூரியில் பயிலும் நாம் பெருமைக்காக அன்றி ஒரு செய்தியாகவே குறித்துக்கொள்ளலாம்.

பாம்பனை அடுத்த சின்னப்பாலம் தாளில் இல்லாத ஊர். சாப்பாட்டிற்காக பஸ் நின்றபோது யாம் தற்செயலாகவே அங்கு நடந்து சென்றோம். கரையில் பெண்கள் சிலர் ஈரப் பாசியை மணலிற் பரப்பிக்கொண்டிருந்தனர். சேலைமேல் ஆண்கள் அணியும் சட்டை; விரல் ஒவ்வொன்றிலும் துணிச்சுருள்; கழுத்தில் நீர்க்கண்ணாடி. அவர்கள் தீவுகளைச் சுற்றியுள்ள பாறைகளில் மூச்சடக்கி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியைக் கையாற் பறிப்பவர். விரலில் துணி எதற்கு என்று கேட்டதற்கு, ஒருவர் சுருளை அவிழ்த்துக் காட்டினார். பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மன்னார் வளைகுடாவின் இருபத்தொரு தீவுகள் 1986இல் தேசியப் பூங்கா ஆக்கப்பட்டபின், தாய்மார் காலத்திலிருந்து போய்வந்த இடங்களுக்கே இவர்கள் அஞ்சி அஞ்சிப் போகவேண்டியதாயிற்று. பாசியை அழிப்பவர் என்ற பழி நீங்க, மாதத்தில் பன்னிரண்டு நாளே கடலில் இறங்குவது எனத் தாமே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டனர். இவ்வூர்ப் பெண்மணி இலட்சுமி மூர்த்தி என்பார்க்கு, தீவுகளின் இயற்கையைக் காப்போர்க்கு வழங்கப்படும் சீக்காலஜிப் பரிசு 2015இல் அளிக்கப்பட்டது.

அப்பாசி எதற்குப் பயன்படும் என்று எம்முள் ஒருவன் கேட்டான். ஆசிரியர் நகைத்து, "நாள்தோறும் நீ சோதனைச்சாலையில் கண்ணாடித் தட்டில் கிருமிகளை வளர்க்கிறாயே, அவற்றின் கீழுள்ள அகர் எங்கிருந்து வருகிறது என்று நினைத்தாய்?" என்றார். இத்தகைய பாசியை வேகவைத்து வடித்தெடுப்பதே அகர். நோயாளியின் காய்ச்சலுக்குக் காரணமான கிருமி இன்னதென்று பாகாயத்தில் ஒருவன் அறிதற்கு எங்கோ ஒரு கடலடிப் பாறையில் ஒருத்தியின் விரல் கிழிகிறது என்னும் எண்ணம் எமக்கு அதற்குமுன் வந்ததில்லை. அவர்கள் தந்த தேநீரைக் குடித்தோம். காசு வாங்க மறுத்துவிட்டனர்.

அன்று பிற்பகல் தனுஷ்கோடி சென்றோம். தீவின் வால்போல நீண்ட அம்மணல்திட்டில் 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை அமைந்தது. அதற்குமுன் மணலில் உருண்டு செல்லும் வேன்களையன்றி வேறு வழியில்லை. சாலையின் இடப்புறம் பாக் கடல், வலப்புறம் மன்னார்க் கடல். இடப்புறத்தது குளம்போல் அடங்கிக் கிடந்தது. வலப்புறத்தது தென்மேற்குக் காற்றில் சாலைக்கல்லின்மேல் ஏறி மோதியது. அடங்கியதைப் பெண்கடல் என்றும் மோதுவதை ஆண்கடல் என்றும் மீனவர் அழைப்பர். கார்த்திகை மார்கழியில் வாடைக்காற்று வீசும்போது பெண்கடலே சீறும் என்று எம் வண்டியோட்டி எச்சரித்தார். 1964இல் வந்த அழிவும் மார்கழியிலேதான்.

அவ்வாண்டு டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவையொட்டிப் பாம்பனினின்று புறப்பட்ட பாசஞ்சர் வண்டி தனுஷ்கோடி நிலையத்தைக் கண்ணெட்டும் தொலைவில் நெருங்கிய வேளையில் பேரலை எழுந்து அதனை மூடியது. வண்டியில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டோருள் பிழைத்தார் இலர். ஊரோடு மாண்டவர் அதனினும் பன்மடங்கினர். சுங்கச்சாவடியும், தபாலாபீசும், பள்ளியும், சென்னையினின்று வரும் போட் மெயில் பிரயாணிகள் தலைமன்னாருக்குக் கப்பலேறிய துறையும் கொண்ட ஊர் ஓரிரவில் இல்லாதாயிற்று. மக்கள் வாழத் தகாத இடம் என்று அரசாங்கம் அறிவித்தது. இன்று மீனவக் குடிசைகள் சில அங்குள்ளன. அவர்கள் மணலைக் கையால் தோண்டி ஊறும் நன்னீரை அகப்பையால் முகந்து குடம் நிறைப்பதைக் கண்டோம்.

மாதாகோயிலின் சுவர்கள் மாத்திரம் கூரையின்றி நிற்கின்றன. பவளப்பாறையை அறுத்துச் சுண்ணாம்பிட்டுக் கட்டியவை. பீடம் இருந்த இடத்தில் வானம் தெரிகின்றது. அங்கே எம்முள் ஒரு பிணக்கு உண்டாயிற்று. சில மாணாக்கர் அச்சுவர்களில் சாய்ந்தும் சாளர வளைவில் அமர்ந்தும் செல்பேசியிற் படமெடுக்கத் தொடங்கினர். மற்றுஞ் சிலர், இது கல்லறைக்கு ஒப்பான இடம், இங்கே பல்லைக் காட்டிப் படமெடுத்தல் தகாது என்று தடுத்தனர். இறந்தவரைக் காணவா வந்தோம், ஊரைக் காணத்தானே வந்தோம் என்றனர் முன்னவர். சொல் தடிக்கும்போது, அருகே சங்கும் பாசிமணியும் விற்றுக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி இடைபுகுந்தார். "எடுங்க தம்பி, எடுங்க. நீங்கள்லாம் வந்தாத்தான் நாங்க உலை வைக்கிறோம். செத்தவுக ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாக. ஆனா அந்தச் சொவத்து மேல மட்டும் ஏறாதீக. அது இருக்கிற வரைக்குந்தான் இது ஊரு." சாளரத்தில் இருந்தவன் இறங்கிவிட்டான். படமெடுத்தல் சிறிது நேரம் நடந்தது. பின் தானே நின்றது. எம் பிணக்கிற்கு எத்தரப்பிலும் வெற்றியில்லை. எனினும் அவ்வம்மையாரிடம் மூன்று சங்குகள் வாங்கினோம், விலை பேசவில்லை.

அரிச்சல்முனையில் தூணொன்று நாட்டி வைத்திருக்கிறார்கள். இரு கடலும் அங்கே கலக்கின்றன. அதற்கப்பால் சேதுவின் மணல்திட்டுகள், அவற்றுக்கப்பால் தலைமன்னார். இதுவே இந்தியாவின் முடிவு என்று வருவோர் யாவரும் கூவிக்கொண்டு நின்றனர். முடிவு என்ற சொல் எமக்கு ஒவ்வவில்லை. நம் வேலூரிலிருந்து நோக்கினால் இவ்விடம் ஒரு வாயிலாகவே தோன்றும். கண்டியின் கடைசி மன்னன் சிறீ விக்கிரம ராஜசிங்கன் இக்கடலுக்கு அப்பாலிருந்தே 1816இல் வேலூர்க் கோட்டைக்குக் கைதியாகக் கொணரப்பட்டான். 1832இல் ஆங்கே இறந்தான். பாலாற்றங்கரையில் அவன் கல்லறையை நாம் அறிவோம். 1819இல் அமெரிக்காவினின்று கப்பலேறிய டாக்டர் ஜான் ஸ்கடர் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியம் செய்து, 1836இல் இக்கடலைக் கடந்து சென்னைக்கு வந்தார். அவர் மக்கள் ஆர்க்காட்டு மிஷனை நிறுவினர். பேத்தி ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய மருத்துவமனையால் அன்றோ பாகாயம் என்னும் ஊர்ப்பெயர் உலகிற் பலர்க்குத் தெரிந்தது! ஒருவர் விலங்கோடும் ஒருவர் மருந்துப்பெட்டியோடும் வந்தனர், வழியென்னவோ இக்கடலே.

பதினேழாவது இடம் எஞ்சியிருந்தது. மூன்றாம் நாட் காலையில் மற்றவர் அக்கினி தீர்த்தக் கரையில் உலாவப் போயிருக்க, அம்மாணவியும் ஆசிரியர் ஒருவரும் யாம் நால்வரும் மீன்பிடித் துறைக்குச் சென்றோம். வழியில் அவள் தன் அப்பாயியின் கதையைச் சொன்னாள். 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கையால், தலைமுறை தலைமுறையாக இலங்கை மலைகளில் தேயிலை பயிரிட்டோருள் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. எழுதப்பட்டவர்க்கு இந்தியா என்பது பாட்டனார் சொன்ன ஒரு கதை. உடன்படிக்கைக்கு இரண்டு மாதத்திற்குள் தனுஷ்கோடித் துறை அழிந்தமையின், கப்பல்கள் பின்னர் இராமேசுவரத்துக்கே வந்தன. பின்னாட்களில் நாலு இலட்சத்துக்கு மேற்பட்டோர் இந்தியா வந்து சேர்ந்தனர். மலைநாட்டு ஸ்டேஷன்களினின்று தலைமன்னாருக்கு அவர்களைக் கொண்டுசென்ற இரயிலுக்கு அழுகைக் கோச்சி என்று பெயர். டிக்கோயாவினின்று அக்கோச்சியில் ஏறிய அப்பாயி, மூன்று வயதுக் குழந்தையை இடுப்பிலும் அம்மிக்குழவியைத் துணிமூட்டையிலும் தாங்கி வந்தாராம். அம்மியை விடுத்துக் குழவியை மட்டும் கொண்டுவந்தது ஏன் என்று சுங்க அதிகாரி சிரித்தாராம். "அம்மி எந்த ஊருலயும் கெடைக்கும். குழவி கைக்குப் பழகணும்" என்பது அவர் விடை. அக்குழவி இன்றும் ஆம்பூர் வீட்டில் இருக்கிறதென்று அவள் சொன்னாள்.

துறையில் விசைப்படகுகள் நெருங்கி நின்றன. டீசல் நாற்றமும் மீன் நாற்றமும் கலந்து வீசின. வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரை ஆசிரியர் அணுகி, இலங்கைக் கப்பல் வந்து நின்ற இடம் யாது என வினவினார். அவர் மாணவியை ஒருமுறை ஏறிட்டு நோக்கி, "யாரு வந்தா, தாயி?" என்றார். அவள் சொன்னாள். முதியவர் வலையை வைத்துவிட்டு எழுந்து எம்முடன் நடந்தார். ஓரிடத்தில் நின்று நீரைச் சுட்டினார். "கப்பல் அங்குன நிக்கும். சனங்க இப்பிடி வரிசையா வருவாக. நாங்க சின்னப் பிள்ளைக, வேடிக்கை பாப்போம். யாரும் பேச மாட்டாக. பிள்ளைக மட்டும் தண்ணி தண்ணின்னு கேக்கும்." தம் தாயார் குடத்தில் நீர் கொண்டு வந்து அவர்கட்கு ஊற்றியதுண்டு என்றும் கூறினார். எல்லார்க்கும் ஊற்றுமளவு வீட்டில் நீர் இருந்ததில்லை என்பதையும் மறைக்கவில்லை.

அவ்விடத்தில் பலகையோ கல்லோ ஒன்றுமில்லை. வெறும் நீரும், அதன்மேல் மிதக்கும் எண்ணெய்ப் படலமும், படகின் நிழலும். மாணவி ஆம்பூருக்குச் செல்பேசியில் அழைத்துத் தன் அப்பாயிக்கு அவ்விடத்தைப் படமாகக் காட்டினாள். அம்மூதாட்டியின் முகம் செல்பேசியில் மிக அருகே தோன்றியது. நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, "கடலு இத்தூண்டுதானா?" என்றார். அன்று அதற்கு அக்கரையே தெரியவில்லையாம். அடுத்து, பக்கத்தில் யார் நிற்பது என்றார். ஆசிரியர் வணக்கம் சொல்லவே, தலைமேல் முந்தானையை இழுத்துக்கொண்டு, "ஐயா, பிள்ளைக்கு அங்க நல்ல தண்ணி கெடைக்குதா?" என்று கேட்டார். கிடைக்கிறது என்றார் ஆசிரியர். முதியவர் இதற்குள் தம் குடிசையினின்று ஒரு செம்பு நீர் கொணர்ந்து அவளிடம் நீட்டினார். அவள் செல்பேசியை எம்மிடம் கொடுத்துவிட்டு இரு கையாலும் அதை வாங்கிக் குடித்தாள்.

பஸ் புறப்படும் நேரம் தவறிவிட்டது. தாளில் குறித்திருந்த கடைசி இரண்டு இடங்களையும் பார்க்காமலே பாலம் ஏறினோம்.